கடைசி வீட்டுக்கு யார் சொல்லுவது?

(மாரிக்கு முன்னர் கிளிநொச்சியில் கமக்காரர்களும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்னும் சில வாரங்களில் வாடைக்காற்றுத் திரும்பிவிடும். காலபோகத்துக்கு வேண்டிய விதைநெல்லைப் பற்றியும், பசளையைப் பற்றியும், வாய்க்கால் துப்புரவைப் பற்றியும் பேசுவதற்கென்றே நீங்கள் இங்கு கூடியிருக்கின்றீர்கள். அந்தப் பேச்சுக்கு இடையில் எமக்கு அரைமணி நேரம் ஒதுக்கித் தந்தமைக்கு நன்றி. நாம் பேச வந்த விடயம் விதைநெல்லுக்கு அயலானதன்று. விதைத்த நெல்லும், விதைத்தவனுடைய குடும்பமும், அவனுடைய மாடும் தை பிறக்கும்போது மிஞ்சியிருக்குமா என்பதே எமது விடயம்.

அரசாங்கத் தமிழில் இதற்கு "அனர்த்த முகாமைத்துவம்" என்று பெயர். பெயரைக் கேட்டதுமே பாதிப்பேர் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடக்கூடும். ஆதலால் பெயரை விட்டுவிடுவோம். புயலோ வெள்ளமோ வருமுன்னர் ஊர் என்ன செய்து வைத்திருக்கிறது, அதைச் செய்விக்க வேண்டியவர் யார், செய்யாவிடில் யாரை நாம் கேட்கலாம் என்று பேசுவோம்.

எம்மவரின் நினைவிலே மூன்று நாட்கள் அழியாமல் நிற்கின்றன. 1964 டிசெம்பர் 22 ஒன்று. திருகோணமலைக்கும் மன்னாருக்கும் இடையில் இத்தீவின் வடபாகத்தைக் குறுக்கறுத்துச் சென்ற புயல், பாக்குநீரிணைக்கு அப்பால் தனுஷ்கோடியை மணல்மேடாக்கிவிட்டுப் போயிற்று. 1978 நவெம்பர் 23 மற்றொன்று. மட்டக்களப்பைத் தாக்கிய அந்தச் சூறாவளி ஏறக்குறைய ஆயிரம் உயிர்களைக் குடித்தது. தலைமுறையாக வளர்த்த தென்னந்தோட்டங்கள் ஓரிரவில் படுத்துவிட்டன. மூன்றாவது 2004 டிசெம்பர் 26. அன்று இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேல். முல்லைத்தீவுப் பட்டினத்தில் கடலோரத் தெருக்களே இல்லாமற் போயின.

மூன்றாவது நாளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அன்று காலை 6.58 மணிக்குச் சுமாத்திராவின் கரையோரம் கடலடி நிலம் பிளந்தது. எமது கிழக்குக் கரையை அலை தொட்டது எட்டரை மணிக்குப் பின்னர். இடையிலே ஒன்றரை மணிநேரம் இருந்தது. ஒரு கிழவி கைத்தடி ஊன்றியே ஒரு மைல் உள்ளே நடந்திருக்கலாம். பூமி அதிர்ந்ததைக் கால்மணி நேரத்துள் ஹவாய்த் தீவிலிருந்த எச்சரிக்கை நிலையம் அறிந்து அறிக்கையும் விடுத்துவிட்டது. ஆனால் அந்த அறிக்கை பசிபிக் சமுத்திர நாடுகளுக்குரியது. இந்து சமுத்திரத்துக்கு அன்று அவ்விதமான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. உலகில் எங்கோ ஓரிடத்தில் சிலருக்குத் தெரிந்திருந்த செய்தி, தெரிய வேண்டியவனுக்குத் தெரியாமலே போயிற்று.

அதே காலையில் நடந்த வேறொன்றையும் கேளுங்கள். சுமாத்திராவுக்கு மேற்கே சிமெலுவே என்றொரு தீவு. அதிர்வு பிறந்த இடத்துக்கு மிக அருகில் உள்ளது. எமக்கு ஒன்றரை மணிநேரம் கிடைத்ததென்றால் அவர்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம் வரையில்தான். அங்கே ஒலிபெருக்கிக் கோபுரம் இல்லை, வானொலி எச்சரிக்கை இல்லை. ஆனால் 1907இல் வந்த பேரலையில் முன்னோர் மாண்ட கதையைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வந்திருந்தனர். அலைக்கு "ஸ்மோங்" என்று அவர்கள் மொழியிலே பெயரிருந்தது. நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால், யாரையும் கேளாமல் மேட்டுக்கு ஓடு என்பதே கதையின் சாரம். நிலம் ஆடியது, கடல் வற்றியது, ஊர் ஓடியது. எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட சனத்திலே இறந்தவர் ஏழு பேர்.

விஞ்ஞானம் வேண்டாம், பாட்டி போதும் என்று நாம் சொல்வதாக யாரும் கொள்ளக்கூடாது. புயல் எங்கே கரையேறும் என்று எந்தப் பாட்டிக்கும் தெரியாது. அதற்கு வளிமண்டலவியல் திணைக்களம் வேண்டும், வானிலைச் செய்மதி வேண்டும். ஆனால் செய்மதி கண்டதைக் கடைசி வீட்டுக் கதவிலே தட்டிச் சொல்லும் வேலை செய்மதியுடையதன்று. அது ஊரின் வேலை.

சட்டம் யார் கழுத்தில் கட்டியது?

சட்டம் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடமையைக் கண்டாலும் அது யாருடைய கழுத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் தேடுவார்கள். அந்தப் பழக்கத்தோடு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

ஆழிப்பேரலைக்குப் பின்னர் சில மாதங்களுக்குள் நிறைவேறிய சட்டம் அது. சனாதிபதியைத் தலைவராகக் கொண்ட தேசியப் பேரவை ஒன்றை அமைக்கிறது. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், அமைச்சர்கள், மாகாண முதலமைச்சர்கள் என்று அதில் இடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அதன் கீழே அனர்த்த முகாமைத்துவ நிலையம். அமைச்சுகளும் திணைக்களங்களும் அரசாங்கக் கூட்டுத்தாபனங்களும் தத்தமக்குத் திட்டம் வரைந்து வைத்திருக்க வேண்டுமென்றும் சட்டம் பணிக்கிறது. நல்ல சட்டந்தான். குறை கூறுவதற்கென்று நாம் இங்கு வரவில்லை. ஆயினும் அதன் பாரம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கொழும்பிலே விழுகிறது. மாகாணத்தின் குரல் முதலமைச்சர் வாயிலாக அங்கே ஒலிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2019ஆம் ஆண்டுடன் எல்லா மாகாண சபைகளும் காலாவதியாகி, அதன்பின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. கதிரை இருக்க, அதில் இருப்பதற்கு ஆளில்லாமற் போனால் அந்தக் குரலுக்கு என்ன கதி?

கீழ்நோக்கி வருவோம். மாவட்டச் செயலகத்திலே ஓர் அனர்த்த முகாமைத்துவப் பிரிவு உண்டு. அங்குள்ள உத்தியோகத்தர்களிற் பலர் மழையிலும் சேற்றிலும் இரவு பகலாக நிற்பவர்கள் என்பதை நீங்களும் அறிவீர்கள், நாமும் அறிவோம். அதற்குக் கீழே பிரதேச செயலர். அதற்குக் கீழே கிராம அலுவலர். முன்னாளில் விதானையார் என்று அழைத்த அதே நாற்காலி, அதிகாரம் குறைந்து கோப்புக் கூடிய நாற்காலி. இவர்களோடு சேர்த்துக் கிராம அனர்த்த முகாமைத்துவக் குழு என்று ஒன்றிருக்கிறது. அது பிறந்தது சட்டத்தின் வாசகத்தால் அன்று, நிர்வாக ஏற்பாட்டினாலே. சட்டம் பெயர் சொல்லிப் பெறாத பிள்ளைக்குச் சொத்திலே பங்கு கேட்பது கடினம். பெரும்பாலான ஊர்களில் அக்குழு ஒரு பட்டியலாகப் பிறந்து, ஒரு பயிற்சி வகுப்பிலே சிற்றுண்டி சாப்பிட்டு, கோப்புக்குள்ளே உறங்கிவிடுகிறது. இங்குள்ளவர்களுள் எத்தனை பேருக்குத் தம் கிராமக் குழுவின் தலைவர் யாரென்று தெரியும்? கைகளை உயர்த்தும்படி கேட்க மாட்டோம்.

இதற்குப் பக்கத்திலே வேறு சில சட்டங்களும் நிற்கின்றன. வடிகாலும் ஊர்த்தெருவும் மதகும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பிரதேச சபையின் பொறுப்பு. சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தோடு சேர்ந்தவை. அவற்றின் கட்டைப் பேணுவதில் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் அங்கீகரித்த உங்கள் கமக்காரர் அமைப்புகளுக்கும் பங்கு உண்டு. பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். பிரதான வீதியும் அதன் பாலமும் வேறு கையில். வெள்ளமோ இந்த எல்லைகளைப் படிப்பதில்லை. சிறு குளம் உடைத்துப் பெருங்குளத்துள் விழும், பெருங்குளம் வான் பாய்ந்து பிரதேச சபையின் மதகில் முட்டும், மதகு அடைத்து வீதியை அறுக்கும். நாலு அலுவலகத்தின் வேலை ஒரே தண்ணீரிலே வந்து நிற்கும். அந்த நால்வரையும் மாரிக்கு முன்னர் ஒரே மேசையில் இருத்துவதுதான் முன்னாயத்தம் என்பதன் முதற் பொருள். மற்றவையெல்லாம் அதன் பின்னரே.

இரணைமடு கற்பித்தது

இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு தூர தேசத்து உதாரணத்தை மட்டும் காட்டினால் நீங்கள் சிரிப்பீர்கள். இரணைமடுவை எடுப்போம். குளம் புனரமைக்கப்பட்டு, நீர் கொள்ளும் மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டது. 2018 டிசெம்பர் மாதத் தொடக்கத்திலே அது திறந்து வைக்கப்பட்டது. அதே மாதம் 21ஆம் திகதி இரவு பெருமழை. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளமெல்லாம் குளத்துக்குள் இறங்க, வான்கதவுகள் திறக்கப்பட்டன. பன்னங்கண்டியிலும் முரசுமோட்டையிலும் கண்டாவளையிலும் சனங்கள் இருட்டிலே இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். கதவுகள் எப்போது திறக்கப்பட்டன, முன்னரே திறந்திருக்கலாகாதா என்ற கேள்வி எழுந்தது. விசாரணையும் வைக்கப்பட்டது.

குற்றம் யாருடையது என்பதை நாம் இந்த மேடையிலே தீர்க்கப் போவதில்லை. குளத்தில் நீரைச் சேமிக்க வேண்டும் என்று சிறுபோகத்தை எண்ணி நாமே கேட்கின்றோம். கதவை முன்கூட்டியே திறந்து, மழை பொய்த்துவிட்டால், வைகாசியிலே அதே பொறியியலாளரை நாமே வைவோம். அவருடைய இக்கட்டு மெய்யானது. ஆனால் கதவு திறப்பதா என்பது ஒரு கேள்வி, திறந்தால் கீழே உள்ளவனுக்கு எப்போது, யார், எப்படிச் சொல்வது என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்குப் பொறியியல் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு கடதாசியும் பத்து மனிதரும் போதும்.

அந்தக் கடதாசியில் என்ன இருக்க வேண்டும்? இத்தனை கதவு இத்தனை அடி திறந்தால், தண்ணீர் இன்ன ஊருக்கு இத்தனை மணிநேரத்தில் வரும், இன்ன வீதி இன்ன உயரத்துக்கு மூடும் என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். 2018இல் வந்த வெள்ளம் எந்த வீட்டுச் சுவரிலே எந்த மட்டத்தில் நின்றது என்பது இன்றும் ஊரவருக்குத் தெரியும். ஒரு பேணி மஞ்சள் மையை எடுத்து, பாடசாலைத் தூணிலும் சனசமூக நிலையச் சுவரிலும் பாலத்திலும் அந்த மட்டத்தைக் கோடிட்டுத் திகதியையும் எழுதிவிடுங்கள். இன்னும் பத்து வருடத்தில், அந்த வெள்ளத்தைக் கண்டிராத ஒருவன் புதுவீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது அந்தக் கோடு அவனோடு பேசும். சிமெலுவேத் தீவின் பாட்டி செய்த வேலையை இங்கே ஒரு மஞ்சட் கோடு செய்யும்.

எச்சரிக்கையின் பாஷையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "100 மில்லிமீற்றர் மழை எதிர்பார்க்கப்படுகிறது" என்று வானொலி சொல்கிறது. கேட்பவனுக்கு அது ஒரு விரல் நீளமாகத் தோன்றுகிறது. 100 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரிலே கொட்டும் தண்ணீர் நாலு இலட்சம் லீற்றர். எண்ணாயிரம் லீற்றர் கொள்ளும் பவுசர் ஐம்பதைக் கொண்டுவந்து ஒரே நாளில் உமது ஒரு ஏக்கரிலே திறந்துவிட்டதற்குச் சமம். இப்படிச் சொன்னால் எந்தக் கமக்காரனுக்கும் விளங்கும். இதைச் சொல்லிக் கொடுக்கக் கணித ஆசிரியர் ஒருவரும் ஒரு கரும்பலகையும் போதும். ஆசிரியர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றார்கள்.

பாஷை என்றால் தமிழையும் சொல்லியாக வேண்டும். சிங்களத்தோடு தமிழும் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம். அது எமக்கு எவரும் இட்ட பிச்சையன்று, நாட்டின் சட்டம். அப்படியிருந்தும் 2025 நவெம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை உலுக்கி, மலையகத்திலே மண்சரிவுகள் நூற்றுக்கணக்கானோரைப் புதைத்த நாட்களில், எச்சரிக்கைகள் தமிழிலே பிந்தியும் குறைந்தும் வந்தன என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. வரி அறிவித்தல் தமிழிலே பிந்தி வந்தால் தண்டப்பணத்தோடு போயிற்று. மண்சரிவு அறிவித்தல் பிந்தி வந்தால்? மொழியுரிமை என்பது பெயர்ப்பலகைச் சண்டை என்று நகைப்போர் இதற்கு விடை சொல்லட்டும்.

வங்காளத்துக் கரையில்

வேறொரு தேசத்துக்கும் போய் வருவோம். எம்மிலும் வறிய கரையோரம், எம்மிலும் தாழ்ந்த நிலம். 1970 நவெம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலாப் புயலிலே மாண்டோர் மூன்று இலட்சத்துக்குக் குறையாதென்று மதிப்பிடுவர். புயல் வருவது தெரியாமலில்லை. தெரிந்தது தீவுகளுக்குப் போய்ச் சேரவில்லை, சேர்ந்த இடத்திலும் போக்கிடம் இருக்கவில்லை. பங்களாதேஷ் பிறந்ததும், 1972 தொடக்கம் செஞ்சிலுவைச் சங்கமும் அரசாங்கமும் சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றை அமைத்தன. அதன் ஆயுதங்கள் எவை? கொடி, கைச் சைரன், மெகபோன், துவிச்சக்கரவண்டி. அதன் படை யார்? அந்தந்த ஊரிலே பிறந்து வளர்ந்த தொண்டர்கள். ஒரு கொடி ஏறினால் ஒரு பொருள், இரண்டு ஏறினால் வேறு பொருள், மூன்று ஏறினால் புறப்படு. எழுத்தறியாதவனுக்கும் அது விளங்கும். தொண்டர் தொகை இன்று எழுபதினாயிரத்தைக் கடந்து நிற்கிறது.

ஒரே நாளில் வெற்றி வந்துவிடவில்லை. 1991 ஏப்ரல் 29 இரவுப் புயலில் மேலும் ஒரு இலட்சத்து முப்பத்தெண்ணாயிரம் பேர் வரையில் மாண்டனர். இறந்தோரைக் கணக்கெடுத்தபோது ஆண்களிலும் பெண்கள் பன்மடங்கு. ஏன்? கணவன் வந்து சொல்லும்வரை வீட்டை விட்டு வெளிக்கிடக்கூடாது என்ற கட்டு, கையிலே குழந்தை, அந்நிய ஆடவர் நிறைந்த புகலிடத்தில் மறைவுக்கு ஓர் அறை கூட இல்லாத கூச்சம். அதன்பின் புகலிடக் கட்டடங்களைப் பெருக்கினார்கள், பெண்களைத் தொண்டராகச் சேர்த்தார்கள். இப்போது ஒவ்வொரு தொண்டர் குழுவிலும் பாதிப்பேர் பெண்கள். 2007 நவெம்பரில் சித்ர் புயல் வந்தபோது இறந்தோர் மூவாயிரத்துச் சொச்சம். அதுவும் பெருந்துயரமே. ஆனால் மூன்று இலட்சத்திலிருந்து மூவாயிரத்துக்கு இறங்கிய அந்தப் படிக்கட்டைக் கட்டியவர் மெகபோனோடு வரம்பு வழியே ஓடிய மனிதர்.

எமது ஊர்களிலும் இதே கூச்சமும் இதே கட்டும் இல்லையென்று யார் சொல்வர்? பாடசாலையைப் புகலிடமாக்கும்போது பெண்களுக்குத் தனி மலகூடமும் மறைவும் உண்டா என்று யாராவது முன்கூட்டிப் பார்க்கின்றார்களா? வீட்டில் படுக்கையிலிருக்கும் தகப்பனை, போரிலே காலை இழந்த மகனை, சிறுநீரக நோய்க்கு வாரத்தில் இருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகும் தாயை யாருடைய வாகனம் ஏற்றிச் செல்லும்? மருத்துவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியும். உழவு இயந்திரம் யாரிடம் உண்டு என்பது கமக்காரருக்குத் தெரியும். இரண்டு பட்டியல்களும் ஒரே தாளில் வரவில்லை என்பதே குறை.

மாடுகளை மறந்தால் எந்தக் கமக்காரனும் வீட்டை விட்டு வரமாட்டான். இதை உத்தியோகத்தர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டியிலே நாற்பது மாடு நிற்க, வந்து பாடசாலை மேசையிலே படு என்றால் அவன் படுக்கமாட்டான், படுக்கவும் கூடாது. வங்காளத்தார் இதையும் கண்டுகொண்டு, கால்நடைகள் ஏறி நிற்க மண்ணால் உயர்ந்த மேடைகளை அமைத்தார்கள். "கில்லா" என்று அவற்றுக்குப் பெயர். எமக்கு அனுபவம் இல்லாமலில்லை. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த கடுங்குளிரிலே வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் நின்ற நிலையிலேயே விறைத்துச் செத்தன. வெள்ளம் கொல்லவில்லை, காற்றுக் கொன்றது. மேய்ச்சற் தரைக்காகப் பல்லாண்டாகக் குரல் கொடுக்கின்றோம். அந்தத் தரையிலே ஒரு மேடும், காற்றை மறைக்க ஒரு மரவேலியும் வேண்டுமென்று கோரிக்கையில் இன்னும் ஒரு வரியைச் சேர்ப்போம்.

இன்னொரு ஊரையும் சொல்லாமற் போக மனம் வரவில்லை. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையிலே மீரியபெத்தைத் தோட்டம். அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்ரோபர் 29 காலையில் மலை இறங்கி, லயன் வரிசைகளை மூடியது. எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை என்று சிலர் சொன்னார்கள். எங்கே போவது? அந்தத் தொழிலாளிக்குக் காணி இல்லை, லயன் அறையும் அவனுடையதன்று, வேலை அந்த மலையிலேயே. போக்கிடம் காட்டாத எச்சரிக்கை, எச்சரித்தவனுடைய கோப்பைப் பாதுகாக்குமே தவிர, எச்சரிக்கப்பட்டவனைப் பாதுகாக்காது. நீதிமன்றத்திலே "அறிவித்தல் கொடுத்தாயிற்று" என்று சொல்லித் தப்புவோரை நாம் நிரம்பக் கண்டிருக்கின்றோம். அறிவித்தல் வேறு, கடமையை நிறைவேற்றல் வேறு.

இனி என்ன செய்வது?

கோபுரம் கட்டித் தாருங்கள் என்று கேட்பது இலகு. ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்நாட்டுக் கரையோரமெங்கும் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. அவற்றுட் பல பழுதுற்று இயங்காமற் கிடந்த செய்தியும் பத்திரிகைகளில் வந்தது. கடற்கரையிலே இரும்பு துருப்பிடிப்பதில் வியப்பில்லை. அதைப் பார்க்கும் அதிகாரமும் பணமும் அந்தக் கரையிலுள்ள சபையிடம் இல்லை என்பதிலேதான் வருத்தம். இதைப் பாராளுமன்றத்திலே எழுப்ப வேண்டும், எழுப்புவோம். அனர்த்த முகாமைத்துவச் சட்டம் திருத்தப்பட்டு, கிராமக் குழுவுக்குச் சட்டத்திலேயே இடமும், உள்ளூராட்சி சபைகளுக்குக் கடமையோடு கூடிய நிதியும் தரப்பட வேண்டும். கடமையை மட்டும் தந்து காசைத் தராமல் விடும் வித்தையை நாம் ஏலவே பார்த்தவர்கள்.

ஆனால் பாராளுமன்றம் திருத்தும்வரை மாரி காத்திராது. ஆகையால் இப்போது கையிலுள்ள சட்டத்தைக் கொண்டே செய்யத்தக்கதைச் சொல்கின்றோம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நீங்கள் அறிவீர்கள். வழக்கமான விண்ணப்பத்துக்குப் பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் கேட்கும் தகவல் ஒருவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பற்றியதாயின், நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள் பதில் வர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வெள்ளம் வந்தால் எம் ஊர் எங்கே போவது என்ற கேள்வி உயிரைப் பற்றியதன்றி வேறென்ன? அப்படித்தான் நாம் வாதிடுவோம். எமது ஊரின் அனர்த்தத் திட்டம் எங்கே? குழுவில் உள்ளோர் யார், கடைசியாக எப்போது கூடினர்? எமக்கு ஒதுக்கப்பட்ட புகலிடம் எது, அதில் எத்தனை பேர் தங்கலாம்? குளத்து வான்கதவு திறக்குமுன் எமக்கு அறிவிப்பவர் யார், அவர் இல்லாதபோது யார்? அறிவித்தல் தமிழில் எழுத்தில் வருமா? இவ்வளவுதான் கேள்வி. திட்டம் இருந்தால் வாங்கிச் சனசமூக நிலையத்தில் ஒட்டுங்கள். இல்லையென்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் பக்கத்திலே ஒட்டுங்கள். கோபமாக எழுத வேண்டியதில்லை. பிரதேச செயலகத்திலே நல்லெண்ணமுள்ள உத்தியோகத்தருக்கு இப்படியொரு கடிதமே மேலிடத்தோடு பேசுவதற்கு ஆயுதமாகும்.

ஊருக்குள்ளே, பத்து வீட்டுக்கு ஒருவர் என்று ஆட்களைத் தெரிந்து பெயரை எழுதுங்கள். பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். அவருக்கு அந்தப் பத்து வீட்டிலும் நடக்கமாட்டாதவர் யார், கைக்குழந்தை எங்கே, எந்த வீட்டில் தொலைபேசி இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கைத்தொலைபேசியும் நிற்கும். அப்போது கோயில் மணியும், தேவாலய மணியும், பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஒரே அடையாளத்தில் ஒலிக்க வேண்டுமென்று குருக்களோடும் பாதிரியாரோடும் மௌலவியோடும் இப்போதே பேசி ஒழுங்கு செய்யலாம். நிலையத்தின் அவசர இலக்கம் 117. பிள்ளைகளுக்குப் பாடமாக்குங்கள்.

வருடந்தோறும் டிசெம்பர் 26 காலை 9.25க்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கின்றோம். நிற்கத்தான் வேண்டும். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னர் 9.27க்கு ஊரெல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிடாமல், அந்த நாளையே ஒத்திகை நாளாக்கினால் என்ன? மணி அடிக்கட்டும். பத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டட்டும். படுக்கையிலிருக்கும் பெரியவரை உழவு இயந்திரப் பெட்டியில் உண்மையாகவே ஏற்றிப் பாருங்கள், அப்போதுதான் பெட்டியின் உயரம் எத்தனை இடைஞ்சல் என்று தெரியும். கடைசி வீட்டைத் தட்ட எத்தனை நிமிடம் ஆயிற்றென்று ஒரு ஆசிரியர் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த வருடம் அதிலும் குறைய வேண்டும்.

விண்ணப்பத்தின் மாதிரிப் படிவத்தைத் தமிழிலே தயாரித்துக் கொண்டு வந்திருக்கின்றோம். வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பின் செயலாளரும் ஒரு பிரதியை எடுத்துச் சென்று, ஊரின் பெயரையும் குளத்தின் பெயரையும் நிரப்பி, இந்த வாரத்துக்குள் பிரதேச செயலகத்தில் நேரிலே கொடுத்து, திகதி முத்திரையிட்ட பற்றுச்சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பத்தெட்டு மணித்தியாலம் கழிந்தும் பதில் வராதவர்கள் அந்தப் பற்றுச்சீட்டோடு எம்மிடம் வாருங்கள், மேன்முறையீட்டை நாம் கட்டணமின்றி எழுதித் தருவோம்.